நெட் அறுந்தாலும் படிக்க: ஒரு தளத்துக்கு மிரர் வைக்கும் முறை

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் பக்கம் ரோடு அகலப்படுத்தும் வேலை ஓயாது. ஜேசிபி வந்து நின்றாலே ஃபைபர் கேபிளுக்கு ஆபத்து; அறுந்தால் ஒட்டுவதற்கு ஆள் வர ஒரு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும். அதுவரை லேபில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் அடிக்கடி தேவைப்படும் தளங்களுக்கு லேபுக்குள்ளேயே மிரர் வைக்கக் கற்றுக்கொண்டேன். பள்ளி ஆசிரியர்களும் நூலகத்துக்காரர்களும் விசாரித்துக்கொண்டே இருப்பதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒரு தளத்தின் கோப்புகளை இன்னொரு கம்ப்யூட்டரில் அதே அடுக்கில் வைத்து, அசல் மாற மாற நகலையும் மாற்றிக்கொண்டே வந்தால் அது மிரர். நகல் எடுப்பது ஒரு ராத்திரி வேலைதான். மாற்றிக்கொண்டே வருவதில்தான் பாடு எல்லாம். போன வருடம் இறக்கி வைத்து அப்புறம் தொடாமல் விட்ட ஃபோல்டரை மிரர் என்று சொல்லிக் கொடுத்தால், மாணவன் திருத்தப்படாத பழைய பாடத்தைப் படிப்பான், ஓட்டை அடைக்காத பழைய சாஃப்ட்வேரை நிறுவுவான். அதனால் எந்தக் கட்டளை என்று யோசிப்பதற்கு முன், யார் இதைப் புதுப்பிக்கப் போகிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதைப் பேக்கப்போடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அசலில் தவறுதலாக அழிந்த கோப்பு பேக்கப்பில் இருந்தாக வேண்டும். மிரரிலோ அது இருக்கக் கூடாது. அசலில் போனது இங்கேயும் போய்விட வேண்டும். கேஷ் வேறு: யாராவது ஒருமுறை கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது கொடுக்கும். இந்த மூன்றில் உங்களுக்கு வேண்டியது எது என்று முதலிலேயே தெளிவாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

எல்லாத் தளத்துக்கும் மிரர் வைக்கவும் முடியாது. பல்கலைக்கழக ரிசல்ட் வரும் அன்றைக்குத் தளம் திணறும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் வந்து, "அண்ணா, இதுக்கு ஒரு மிரர் வெச்சிடலாமுங்களா?" என்று கேட்பான். அந்தப் பக்கம் ஒரு கோப்பாக எங்கேயும் இல்லை, தம்பி. நீ பதிவு எண்ணைத் தட்டிய பிறகு, டேட்டாபேஸில் தேடி எடுத்து அந்த நிமிடத்தில் செய்து கொடுக்கிறார்கள். கோப்பாக இருப்பதைத்தான் நகலெடுக்கலாம். பாட நூல்கள், கட்டுரைகள், படங்கள், சாஃப்ட்வேர் தொகுப்புகள் இவற்றுக்கு மிரர் சரியாக வரும். லாகின், தேடல் பெட்டி, கமென்ட், டிக்கெட் புக்கிங் இதெல்லாம் வராது.

எதற்காக வைக்கிறார்கள்

முதல் காரணம் தூரம். 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் முதல் வடிவத்தை ஃபின்லாந்தில் ஃபுனெட் என்ற சர்வரில் ஏற்றினார். அமெரிக்காவில் இருப்பவர்கள் கடலைத் தாண்டி அதை இழுப்பது அன்றைய வேகத்துக்குப் பெரும்பாடு. எம்ஐடியில் தியோடர் சோ தன் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்தார். அந்தக் கண்டத்தில் இருப்பவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளுக்கு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான மிரர்கள். நம் ஊரில் ஐஐடி மெட்ராஸ், ஐஐடி கான்பூர் போன்ற நிறுவனங்களும் வைத்திருக்கின்றன.

இரண்டாவது சுமை. புதிய பதிப்பு வெளியாகும் அன்று ஒரே சர்வரை எல்லோரும் மொய்த்தால் அது படுத்துவிடும். மிரர்கள் இருந்தால் கூட்டம் பிரிந்துகொள்ளும். கேட்பவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்து அருகில் உள்ள மிரருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் இருக்கிறது. எல்லா மிரரும் மூல சர்வரைத் தட்டாதபடி அடுக்கடுக்காகவும் வைப்பார்கள்: மூலத்திலிருந்து சில பெரிய மிரர்கள் எடுக்கும், அவற்றிலிருந்து சிறியவை எடுக்கும். அரசு குடோனிலிருந்து வட்டக் கிடங்கு, அங்கிருந்து ரேஷன் கடை என்று அரிசி வருகிற மாதிரிதான்.

மூன்றாவது, அழிவு. ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது, இலவசமாகச் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். தமிழில் தொடக்க காலத்தில் பக்கம் வைத்த பலர் அங்கேதான் குடியிருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை இழுத்து மூடியது. மூடுவதற்கு முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் முடிந்தவரை நகலெடுத்து, அடுத்த வருடம் டோரன்டாக (பலர் தங்களுக்குள் பகிர்ந்து இறக்கும் முறையில்) வெளியிட்டதால் கொஞ்சமாவது மிஞ்சியது. 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் சேமிப்பின் ஒரு நகலை 2002-இல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகத்துக்கே கொடுத்து வைத்தது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதில் என்ன ஆபத்து என்று நூலகத்துக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

தடையை மீறவும் மிரர் பயன்படுகிறது. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸின் டொமைன் பெயரை நடத்தி வந்த நிறுவனம் சேவையை நிறுத்தியது. அமேசானும் தன் சர்வரிலிருந்து இறக்கிவிட்டது. சில நாளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிரர்கள் முளைத்தன. அங்கே மிரர் வைத்தவர்கள் இழுக்கவில்லை. தங்கள் சர்வரில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டார்கள், விக்கிலீக்ஸே வந்து கோப்புகளைத் தள்ளிவிட்டுப் போனது. இழுப்பது, தள்ளுவது என்று இரண்டு வழியும் உண்டு. நமக்கு இழுக்கிற வழியே போதும்.

எங்கள் லேபுக்கான காரணம் இதையெல்லாம்விட எளிது. நெட் போனாலும் வகுப்பு நடக்க வேண்டும். நெட் இருக்கும்போதும் ஒரே பேக்கேஜை (நிறுவுவதற்காகக் கட்டி வைத்த சாஃப்ட்வேர் தொகுப்பை) லேப் முழுக்க ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக வெளியிலிருந்து இறக்கக் கூடாது.

தொடங்குவதற்கு முன்

தேவையானது ஒரு பழைய டெஸ்க்டாப், பெரிய ஹார்ட் டிஸ்க், உபுண்டு அல்லது டெபியன். எங்களுடையது காந்திபுரத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. ராம் எட்டு ஜிபி இருந்தால் தாராளம். டிஸ்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மாதாந்திர மின் நிறுத்த நாளை நினைத்துக்கொண்டு ஒரு யுபிஎஸ்ஸும் போட்டுவிடுங்கள்; கோப்பு பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால் அந்தப் பாதிக் கோப்பு மிரரில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து அனுமதி. தளத்தின் உரிமைக் குறிப்பைப் படியுங்கள், இல்லாவிட்டால் தளக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எங்கள் தமிழ்த்துறைக்கு நான் முதலில் எடுத்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்களே தட்டச்சு செய்து சேர்த்த பழந்தமிழ் நூல்கள். முகப்புக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் கோப்பைத் தாராளமாகப் பகிரலாம் என்று ஒவ்வொரு மின்னூலின் தலையிலும் எழுதியிருக்கிறார்கள். இப்படித் தெளிவாகச் சொல்லியிருக்கும் தளம் கிடைத்தால் பாக்கியம். மற்ற இடங்களில் நூலாசிரியர் இறந்து 60 வருடம் ஆகிவிட்டதா, நாட்டுடைமை ஆனதா என்று பாருங்கள். நூல் பொதுவுடைமை ஆகியிருந்தாலும், அதற்கு ஒருவர் புதிதாக எழுதிய உரையும் முன்னுரையும் அவருடையவைதான்.

ரோபாட்ஸ் கோப்பையும் பார்த்துவிடுங்கள். தளத்தின் வேர் முகவரியில் எந்தப் பகுதிக்குள் தானியங்கி நிரல்கள் வரக் கூடாது என்று எழுதி வைக்கும் சின்ன உரைக்கோப்பு அது. 1994-லிருந்து வழக்கில் இருந்து, 2022-இல்தான் முறைப்படி தரமானது. சட்டம் கிடையாது, மரியாதை. கதவு தாழ் போடாமல் இருக்கிறது என்பதற்காக அடுத்த வீட்டு அடுக்களைக்குள் போகமாட்டோம் இல்லையா?

இன்னொன்று, தளக்காரர்களே மொத்தமாகக் கட்டிக் கொடுப்பதைப் பக்கம் பக்கமாக உரிக்காதீர்கள். விக்கிப்பீடியாவுக்கு இப்படி ஆள் வைத்து இழுப்பது அநியாயம். கிவிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, தமிழ் விக்கிப்பீடியாவின் ஜிம் கோப்பு ஒன்றை இறக்கினால், அந்த ஒரே கோப்பில் முழுவதும் அடக்கம். கிவிக்ஸ் சர்வர் அதை லேபின் எல்லா மெஷினுக்கும் பரிமாறும்.

சிறிய தளத்துக்கு டபிள்யூகெட்

கட்டளை தட்டித் தளத்தின் கோப்புகளை இறக்க 1996-லிருந்து இருக்கும் கருவி டபிள்யூகெட். பட்டன், ஜன்னல் வேண்டுமென்றால் ஹெச்டிடிட்ராக் இருக்கிறது. விண்டோஸில் வேலை செய்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு டபிள்யூகெட்தான் பிடிக்கும், ராத்திரி தானாக ஓட விடலாம் என்பதால்.

ஆப்ஷன் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு சிறுகோடு போட்டுத் தட்டுங்கள். டபிள்யூகெட் என்று தொடங்கி ஆப்ஷன்களை வரிசையாகப் போட்டு, கடைசியில் தளத்தின் முகவரி.

முதலில் மிரர். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கிருந்து அடுத்தது என்று எல்லை இல்லாமல் போகச் சொல்லும். சாதாரணமாக ஐந்து அடுக்கோடு நின்றுவிடும். கூடவே நேர முத்திரையையும் பார்க்கும்: சர்வரில் இருக்கும் கோப்பு நம்மிடம் இருப்பதைவிடப் புதியதா, அளவு மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டு, மாறாததை விட்டுவிடும். இரண்டாம் முறை ஓட்டும்போது வேலை சீக்கிரம் முடிவது இதனால்தான். சர்வர் தேதியைச் சொல்லாவிட்டால் இந்தச் சலுகை கிடையாது, எல்லாம் மறுபடியும் இறங்கும்.

அப்புறம் பேஜ்-ரிக்விசிட்ஸ். படம், ஸ்டைல்ஷீட் போன்ற பக்கத்துக்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் சேர்த்து எடுக்கும். இது இல்லாவிட்டால் பக்கம் வரும், அலங்கோலமாக.

கன்வர்ட்-லிங்க்ஸ் போட்டால், இறக்கி முடித்த பிறகு பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகளை நம் டிஸ்க்கில் உள்ள கோப்புகளைக் காட்டும்படி மாற்றி எழுதும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இணைப்பை மாற்றி எழுதினால் கோப்பின் அளவு மாறுகிறது. அடுத்த முறை ஒப்பிடும்போது 'இது வேறாக இருக்கிறதே' என்று மறுபடியும் இறக்கும். அதைத் தடுக்க பேக்கப்-கன்வர்ட்டட் என்பதையும் சேர்க்க வேண்டும். மாற்றாத அசலைப் பக்கத்திலேயே ஒரு நகலாக வைத்துக்கொண்டு அதனோடு ஒப்பிடும்.

நோ-பேரன்ட் கட்டாயம். நீங்கள் கொடுத்த ஃபோல்டருக்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு துறையின் பாடக்குறிப்புகளை மட்டும் கேட்டு, முழுப் பல்கலைக்கழகத்தையும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். அதேபோல ஸ்பேன்-ஹோஸ்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வேறு தளங்களுக்கும் தாவிப் போகச் சொல்வது. எந்தெந்த டொமைன் என்று வரையறுக்காமல் அதைப் போட்டால் டிஸ்க் நிறையும்வரை இன்டர்நெட்டையே இறக்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக மரியாதைக்கு மூன்று: வெயிட் இரண்டு நொடி, ரேண்டம்-வெயிட், லிமிட்-ரேட் 200 கே. ஒவ்வொரு கோப்புக்கும் நடுவே சற்றே நிற்கும், வேகத்தையும் அடக்கும். எதிரே இருப்பது யாரோ சொந்தக் காசில் நடத்தும் சின்ன சர்வராக இருக்கலாம். முதல் ஓட்டம் ஒரு ராத்திரிக்குப் பதில் மூன்று ராத்திரி ஆனால் என்ன குடி முழுகிவிடும்?

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

ஆங்கில வழிகாட்டிகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத இடம் இது, நமக்கோ தினமும் வரும் தலைவலி. தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளை டபிள்யூகெட் சும்மா இறக்கினால், பெயரில் சில எழுத்து சரியாகவும் சில எழுத்து சதவீதக் குறியாகவும் கந்தலாக வரும். உற்றுப் பார்த்தால் அதிலும் ஒரு ஒழுங்கு தெரியும்: ம, ர, வ, ன எல்லாம் தப்பிக்கும், க, ச, ட மாட்டிக்கொள்ளும், அகர வரிசை உயிரெழுத்து மொத்தமும் போகும், புள்ளியும் போகும்.

காரணம் இதுதான். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் எண்களாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 128 முதல் 159 வரை மதிப்புள்ள பைட்டுகளை டபிள்யூகெட் 'கட்டுப்பாட்டுக் குறி' என்று எண்ணிச் சதவீதக் குறியாக மாற்றிவிடும். க-வின் மூன்றாம் பைட் 149. மாட்டியது. ம-வின் மூன்றாம் பைட் 174. தப்பியது. பாதி பைட் மாறி பாதி மாறாமல் நிற்கும் பெயர் எந்த மொழியிலும் சேராது.

மருந்து ஒரே ஆப்ஷன்: ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ், சமக் குறி, நோகன்ட்ரோல். பெயர்களைத் தொடாமல் அப்படியே எழுதும்.

நீளமும் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. முழுப் பெயரும் சதவீதக் குறியாக மாறிவிட்டால் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது பைட் செலவு. 28 குறியீட்டோடு கதை முடிந்தது. கொ என்பதே க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு குறியீடு. புள்ளியும் ஒரு குறியீடுதான். நம் ஆட்கள் கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்புப் பெயராக வைப்பவர்கள். பெயரை அப்படியே வைத்தால் 85 குறியீடு வரை இடம் இருக்கிறது, பெரும்பாலும் போதும்.

பழைய தளங்களில் இன்னொரு சங்கடம், எழுத்துரு முறை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று பல முறையில் எழுதி வைத்தார்கள். மிரர் எடுப்பவர் அதைத் திருத்தப் போகக் கூடாது. பைட்டுக்குப் பைட் அப்படியே வைத்துவிட்டு, யூனிகோடாக மாற்றிய பிரதி வேண்டுமென்றால் தனி ஃபோல்டரில் வையுங்கள். உங்கள் வெப் சர்வர் எல்லாப் பக்கத்துக்கும் 'இது யூடிஎஃப்-8' என்று தலைப்பில் சொல்லும்படி அமைந்திருந்தால் அதையும் அந்த ஃபோல்டருக்கு நிறுத்துங்கள். பக்கத்துக்குள் எழுதியிருப்பதைவிட சர்வர் சொல்லும் தலைப்பைத்தான் பிரவுசர் நம்பும். அசல் தளத்தில் ஒழுங்காகத் தெரிந்த பக்கம் உங்களிடம் கேள்விக்குறிக் கட்டங்களாக நிற்கும்.

சோதனை

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவி, அந்த ஃபோல்டரைக் காட்டி, லேபுக்குள் ஒரு முகவரி கொடுத்தால் பரிமாறுவது முடிந்தது. ஆனால் நெட் இருக்கும்போது சோதித்தால் ஏமாறுவீர்கள். பக்கம் அழகாகத் தெரியும், அதில் பாதி படம் அசல் தளத்திலிருந்தே வந்துகொண்டிருக்கும். வெளியே போகும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வேறொரு மெஷினில், பிரவுசரின் நினைவகத்தைத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

அப்படிப் பிடுங்கி வைத்திருந்த நேரத்தில் தமிழ்த்துறை அம்மா ஒருவர் உள்ளே வந்தார். புறநானூற்றுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"ஏனுங் தம்பி, நெட் இல்லீன்னு வெளிய போர்டு வெச்சிருக்கீங்க, இது எப்படி வருது?"

"நம்ம மெஷின்லயே இருக்குதுங்கம்மா."

"அப்ப நான் இதுல தப்பு ஒன்னு கண்டுபிடிச்சா நீங்களே திருத்திடுவீங்களா?"

நல்ல கேள்வி. திருத்த மாட்டேன் என்றேன். நான் இங்கே திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் அசல் வந்து அதன்மேல் உட்காரலாம். உட்காராவிட்டால் அதைவிட மோசம், மிரர் அசலைப் போல இல்லாமல் போய்விடும். பிழையை மூலத் தளத்துக்கு எழுதி அனுப்புங்கள், அவர்கள் திருத்தினால் தானாக நமக்கும் வரும். அம்மா சீட்டு வாங்கிக் குறித்துக்கொண்டு போனார்.

இரு பக்கமும் உங்கள் கையில் இருந்தால் ஆர்சிங்க்

டபிள்யூகெட் வெளியிலிருந்து பார்ப்பது. எந்தப் பக்கத்திலும் இணைப்பு இல்லாத கோப்பு அதன் கண்ணுக்குப் படாது, அசலில் எது அழிந்தது என்றும் தெரியாது. இரண்டு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர்களை ஒன்றுபோல ஆக்கும் கருவி ஆர்சிங்க். எதிர் சர்வர் அந்த வசதியைக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய மிரர்கள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. ஆர்சிங்க் என்று தட்டி, சர்வரின் பெயரையும் இரண்டு கோலனையும் போட்டால், அங்கே என்னென்ன பகுதி திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும்.

1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் வெளியிட்டது இது. பெரிய கோப்பில் சின்ன மாற்றம் வந்தால் முழுக் கோப்பையும் அனுப்பாது. நம்மிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு அந்தப் பக்கம் அனுப்பும். அந்தப் பக்கம் தன் புதிய கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்தபடியே அதே எண் எங்காவது வருகிறதா என்று தேடும். வந்தால் 'அந்தத் துண்டு உன்னிடமே இருக்கிறது, எடுத்துக்கொள்' என்று மட்டும் சொல்லும். வராத பகுதிதான் கம்பியில் பயணிக்கும். நடுவே நாலு வரி நுழைந்து மற்றதெல்லாம் தள்ளிப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் பாடக்குறிப்புகளைக் காங்கேயத்தில் ஒரு பள்ளிக்கு இப்படித்தான் ராத்திரியில் அனுப்புகிறோம். ஆர்க்கைவ் ஆப்ஷன் போட்டால் தேதி, அனுமதி எல்லாம் அப்படியே போகும். டிலீட் போட்டால் இங்கே இல்லாதது அங்கே அழியும். டிலே-அப்டேட்ஸ் போட்டால் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கடைசியில்தான் பழையதை நகர்த்திப் புதியதை வைக்கும். நடுவில் திறப்பவருக்குப் பாதி மாறிய தளம் தெரியாது.

சாய்கோட்டைக் கவனியுங்கள். மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் 'உள்ளே இருப்பதை எடு' என்று பொருள். இல்லாவிட்டால் 'ஃபோல்டரோடு எடு'. பாடம் என்ற ஃபோல்டரைச் சாய்கோடு இல்லாமல் அனுப்பினால் அங்கே பாடத்துக்குள் ஒரு பாடம் உருவாகும். சாய்கோட்டைப் போட்டுவிட்டு, போய்ச் சேரும் இடமாகத் தவறுதலாக அங்கே மேல் ஃபோல்டரைக் கொடுத்து, டிலீட்டும் கூடவே இருந்தால், அந்த மேல் ஃபோல்டரில் இருந்தவை எல்லாம் 'இங்கே இல்லாதவை' ஆகிவிடும், துடைத்துக்கொண்டு போகும். அதனால் கட்டளையில் எதை மாற்றினாலும் முதலில் ட்ரை-ரன் போட்டு ஓட்டுங்கள். எதையும் செய்யாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் வரி வரியாகக் காட்டும். 'டிலீட்டிங்' என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். நாலைந்து இருந்தால் சரி. திரை ஓடிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிட்டுச் சாய்கோட்டைப் பாருங்கள்.

மேக்ஸ்-டிலீட் என்று ஒரு எண்ணும் கொடுத்து வைப்பது என் வழக்கம். அசல் சர்வரில் டிஸ்க் கழன்று ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், மிரர் விசுவாசமாகத் தானும் காலியாகிவிடும். அந்த எண்ணுக்கு மேல் அழிக்க மாட்டேன் என்று ஆர்சிங்க் நின்றுகொள்ளும். பழைய நிலைகளும் வேண்டுமானால் லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனில் தேதி வாரியாக ஃபோல்டர் எடுக்கலாம். மாறாத கோப்பு இரண்டாம் முறை இடம் பிடிக்காது. அது பேக்கப் கணக்கு, மிரரோடு சேர்க்காதீர்கள்.

லினக்ஸ் பேக்கேஜ்களுக்கு

லேபில் உபுண்டு இருப்பவர்கள் உடனே முழு மிரர் வைக்கக் கிளம்புவார்கள். என் கருத்து, வேண்டாம். நீங்கள் நிறுவுவது சில நூறு பேக்கேஜ். முழு மிரர் பல நூறு ஜிபியை இழுத்து, நீங்கள் வாழ்நாளில் தொடாத பேக்கேஜ்களையும் தினமும் புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். 3142 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். முதல் மெஷின் கேட்கும்போது வெளியிலிருந்து இறக்கும், மீதி மெஷின்களுக்குத் தன்னிடமிருந்தே கொடுக்கும். வாரக்கணக்கில் நெட்டே இல்லாத இடம் என்றால் மட்டும் ஆப்ட்-மிரர்.

பெரிய டெபியன் மிரர்கள் புதுப்பிக்கும் வரிசையைத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் கட்டத்தில் பேக்கேஜ் கோப்புகளை மட்டும் இறக்குவார்கள். அவை முழுதும் வந்த பிறகுதான் இரண்டாம் கட்டத்தில் பட்டியல் கோப்புகளை மாற்றி, பழையதை அழிப்பார்கள். பட்டியல் முதலில் வந்துவிட்டால், அதில் பெயர் இருக்கும், பேக்கேஜ் இருக்காது, கேட்பவருக்கு 404, அதாவது 'கோப்பு இல்லை' என்ற பதில்தான்.

யாரோ ஒருவர் வைத்திருக்கும் மிரரை எப்படி நம்புவது? டெபியன், உபுண்டுவில் மிரரை நம்பவே தேவையில்லை. மூலத்தில் ஒரு பட்டியல் கோப்பில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்குள் மற்ற பட்டியல்களின் ஹாஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்), அவற்றுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ் எண். கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி ஏற்கெனவே உங்கள் மெஷினில் இருக்கிறது. நடுவில் யார் ஒரு பைட் மாற்றினாலும் நிறுவ மறுக்கும்.

ஐஎஸ்ஓ, அதாவது முழு இயங்குதளத்தையும் நிறுவுவதற்கான ஒற்றைக் கோப்பு, இறக்கும்போதுதான் கையால் சரிபார்க்க வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இறக்க இணைப்பை மாற்றிப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ ஒன்றைக் காட்டும்படி செய்துவிட்டார்கள். மிரர்களில் இருந்த கோப்பு நல்லதுதான்; கெட்டுப்போனது மூலத் தளத்தின் இணைப்பு. ஒரே பக்கத்தில் இறக்க இணைப்பும் ஹாஷ் எண்ணும் இருந்தால், இணைப்பை மாற்றியவனால் எண்ணையும் மாற்ற முடியும். ஹாஷ் கோப்பின் மேல் உள்ள கையெழுத்தைச் சரிபாருங்கள்.

பராமரிப்பு

குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் ராத்திரி ஒரு மணிக்கு ஓட விடுங்கள், நிமிடத்தை மட்டும் பூஜ்யம் வைக்காமல் ஏதாவது ஒன்றாக வையுங்கள். சரியாக ஒரு மணிக்கு உலகமே சர்வரைத் தட்டும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ஒரு பூட்டுக் கோப்பும் வையுங்கள். மிரரைப் பொதுவெளியில் திறந்துவிடுவதாக இருந்தால், கூகுளுக்கு எது அசல் என்று காட்டும் கேனானிக்கல் இணைப்பைச் சேர்க்க வேண்டும். நகல் முன்னால் வந்து அசல் பின்னால் போவது தளக்காரருக்குச் செய்யும் துரோகம்.

ஒவ்வொரு ஓட்டமும் வெற்றிகரமாக முடிந்த பிறகு, அந்தத் தேதியையும் நேரத்தையும் ஒரு சின்னக் கோப்பில் எழுத வையுங்கள். டெபியன் மிரர்களில் டிரேஸ் என்ற ஃபோல்டரில் இதைப் பார்க்கலாம். எங்கள் மிரரின் முகப்பில் அந்தத் தேதி பெரிதாகத் தெரியும், ஏழு நாளைத் தாண்டினால் சிவப்பாக மாறும். நான் லாகைப் பார்க்க மறந்தாலும், "அண்ணா, செவப்பாயிருச்சுங்க" என்று எந்த வகுப்பிலிருந்தாவது ஒரு பிள்ளை வந்து சொல்லிவிடும். பெரும்பாலும் டிஸ்க் நிறைந்திருக்கும், அல்லது மூலத் தளம் முகவரி மாறியிருக்கும்.

புதுப்பிக்க ஆள் இல்லை என்ற நிலை வந்தால், கிரானை நிறுத்திவிட்டு முகப்பில் இருக்கும் மிரர் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 'இன்ன தேதி வரையிலான நகல்' என்று எழுதி, அசல் தளத்தின் முகவரியைக் கீழே போடுங்கள்.